இன்னொருவர் வேண்டுதலுக்கு நடந்த வெள்ளிக்கிழமைகள்

1

பெரிய வியாழன் மாலைப் பூசைக்குக் கிளம்புமுன் என் கால்களை நன்றாகத் தேய்த்துக் கழுவினேன். நகம் வெட்டினேன். குதிகால் வெடிப்பில் வாஸ்லின் தடவி, புதுச் சாக்ஸ் எடுத்துப் போட்டுக்கொண்டேன். எல்லாம் எதற்கு? சர்ச்சில் சாமியார் என் காலைக் கழுவப் போகிறார் என்பதற்காக. இந்த வருடம் பாதம் கழுவும் சடங்குக்குப் பன்னிரண்டு பேரில் ஒருத்தியாக என்னையும் சேர்த்திருந்தார்கள்.

டென்மார்க்கில் நாங்கள் இருப்பது ஒரு சிறிய ஊர். ஊருக்கு ஒரே ஒரு கத்தோலிக்க சர்ச். போலந்துக்காரர்கள், வியட்நாம்காரர்கள், பிலிப்பைன்ஸ் பெண்கள், யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள், அவர்களோடு சென்னைக்காரி என்று நான் ஒருத்தி. முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்து சாக்ஸைக் கழற்றும்போது இரண்டு பக்கமும் பார்த்தேன். எல்லோரும் என்னைப் போலவே செய்துவிட்டு வந்திருந்தார்கள். ஒரு பிலிப்பைன்ஸ் அக்கா நகப்பூச்சுகூடப் போட்டிருந்தாள். ஆண்டவர் அன்று தம் சீடர்களுக்குக் கழுவியது புழுதியில் நடந்து வந்த கால்களை. நாங்கள் நீட்டியது கடைக் கண்ணாடிக்குள் வைக்கிற கால்களை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, இருமுவதுபோல் சமாளித்தேன்.

திரும்பும்போது காரில் என் மகள் நிலா அதையே கேட்டாள். அவளுக்குப் பதினேழு வயது. உறுதிப்பூசுதல் சடங்கு முடிந்த கையோடு சர்ச்சுக்கு வருவதை நிறுத்தியவள். அன்றைக்கு நான் கெஞ்சியதால் வந்து கடைசி பெஞ்சில் ஃபோனோடு உட்கார்ந்திருந்தாள்.

"மோர், ஏற்கெனவே சுத்தமா இருக்கற காலை எதுக்குக் கழுவணும்?"

டேனிஷில் அம்மாவுக்கு 'மோர்'. மயிலாப்பூரில் அப்படிக் கூப்பிட்டால் டம்ளரில் ஊற்றிக் கொடுத்துவிடுவார்கள். சின்ன வயதில் அம்மா என்றவள்தான்; பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் மாறிவிட்டது. நானும் திருத்தித் திருத்திப் பார்த்து விட்டுவிட்டேன்.

அதற்குப் பதில் சொல்வதென்றால், போன வருடக் கத்திரி வெயிலில் மயிலாப்பூரில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அது காரில் வீடு வருவதற்குள் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. சென்னையில் இருக்கிற பங்குக்காரர்கள் நீங்களும் நான் ஒவ்வொரு முறை வரும்போதும் "அங்க போய் விசுவாசமெல்லாம் எப்படி இருக்கு?" என்று விசாரிக்கிறீர்கள். உங்களுக்கும் அவளுக்கும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

2

என் பெயர் பிலோமினா. பிறந்தது நொச்சிக்குப்பம். அம்மா மீன் விற்றவர். அண்ணன் சேவியர் இன்றைக்கும் அங்கேதான் ரோட்டோரம் கடை போட்டிருக்கிறான். என் கணவர் சங்கர் வீடு மயிலாப்பூரில், கிழக்கு மாட வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில். இரண்டு வீட்டுக்கும் நடந்தே போய்விடலாம். கல்லூரி நாட்களில் சங்கர் அப்படி நடந்து வந்துதான் எங்கள் கதை ஆரம்பித்தது.

மாமியார் கோமதி, கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் ஆனதும் சங்கர் என்னை அழைத்துக்கொண்டு போனபோது அவர் சத்தம் போடவில்லை, அழவில்லை. கம்பிக் கதவுக்கு உள்ளே நின்றுகொண்டு மகனைப் பார்த்து, "நீ வா. அவ வேண்டாம்" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு விடுமுறைக்கு வரும்போதெல்லாம் சங்கர் மாட வீதிக்கு, நான் குப்பத்துக்கு. நிலாவை மட்டும் சங்கர் கொஞ்ச நேரம் கூட்டிப் போய்க் காட்டிவிட்டு வருவார். மாமனார் இறந்தபோதும் நான் தெருமுனையில்தான் நின்றேன்.

ஆனாலும் பேச்சில் மாமியாரை நான் 'அம்மா' என்றுதான் சொல்வேன். சங்கர் சொல்லிச் சொல்லி எனக்கும் அதே பழக்கமாகிவிட்டது.

சங்கர் டேனிஷ் குடியுரிமை எடுத்துக்கொள்ளவில்லை. "பாஸ்போர்ட்டை மாத்திண்டா நீ என் பிள்ளையே இல்ல" என்று அம்மா ஃபோனில் சொல்லிவிட்டார். நான் எடுத்துக்கொண்டேன். என்னை யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்வதற்கு நான் அந்தக் குடும்பத்தில் இருந்தால்தானே?

3

போன வருடம் ஏப்ரல் கடைசியில் பக்கத்து ஃப்ளாட் பெண்ணிடமிருந்து சங்கருக்கு ஃபோன் வந்தது. "மாமி கால்ல துணியைச் சுத்திண்டு நடக்கறா. என்னன்னு கேட்டா கதவைச் சாத்திக்கறா. ஏதோ வாடை வரது அண்ணா, நீங்க உடனே வாங்கோ."

சங்கரால் போக முடியவில்லை. அங்கே வசிப்பதற்கான அவருடைய அனுமதி அட்டை புதுப்பிப்பில் மாட்டிக்கொண்டிருந்தது. அட்டை கைக்கு வருமுன் நாட்டை விட்டு வெளியே போனால் திரும்பி நுழைவதற்கு உத்தரவாதம் இல்லை என்றார்கள். எப்போது வரும் என்று எழுதிக் கேட்டால், 'உங்கள் கடிதம் கிடைத்தது, பொறுமைக்கு நன்றி' என்று இயந்திரம் பதில் போட்டது. நாங்கள் பொறுமையாக இருப்பதாக அதற்கு யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. அம்மாவுக்குப் பிள்ளையாக இருப்பதற்காக இந்திய பாஸ்போர்ட்டைக் கட்டிக் காத்தவர் வீட்டில் உட்கார்ந்திருந்தார். வெளிநாட்டு பாஸ்போர்ட்டும் ஓ.சி.ஐ. அட்டையும் வைத்திருக்கிற நான் அடுத்த விமானத்தில் ஏறலாம்.

நான் வேலை செய்வது ஒரு முதியோர் இல்லத்தில். குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, கால் கழுவித் துடைத்து விரலிடுக்கில் ஈரம் இல்லாமல் பார்ப்பது. மேலாளரிடம் போய், "என் அம்மாவுக்குக் காலில் புண், உடனே சென்னை போகணும்" என்று டேனிஷில் சொன்னேன். அந்தப் பெண் கணினியில் என் பெயரைத் தேடிப் பார்த்தாள். பிறகு ரொம்ப மரியாதையாக, "உங்கள் அம்மா இறந்துவிட்டார்கள் இல்லையா? அந்த விடுப்புக்கு நான்தானே கையெழுத்துப் போட்டேன்?" என்றாள்.

மாமியாரையும் அம்மா என்று சொல்வோம் என்று விளக்கினேன். இரண்டு அம்மாவா என்று கேட்டாள். ஆமாம், ஒருவர் என்னைப் பெற்றவர், இன்னொருவர் என்னைக் கதவுக்கு வெளியே நிறுத்தியவர் என்று சொல்ல வாய் வரை வந்தது. மாமியார் நெருங்கிய உறவில் வரமாட்டாராம். வருடாந்திர விடுப்பு முழுவதையும் எடுத்துக்கொள் என்றாள். எடுத்துக்கொண்டேன்.

பெட்டி கட்டும்போது நிலா வாசலில் சாய்ந்து நின்றாள். "உன்னை வீட்டுக்குள்ளயே விடாதவங்களுக்காக நீ ஏன் போறே?"

"கால் அழுகிப் போயிட்டிருக்கு நிலா."

"யாரையாவது வேலைக்கு வெச்சுக்கலாமே."

"வெச்சா அவங்களுக்குப் பாட்டி கதவைத் திறக்க மாட்டாங்க."

"உனக்கு மட்டும் திறப்பாங்களா?"

நியாயமான கேள்வி. நான் பெட்டியின் ஜிப்பை இழுத்து மூடினேன்.

4

"நீயா? சங்கர் எங்கே?" என்றார் அம்மா, அதே கம்பிக் கதவுக்கு உள்ளேயிருந்து. சங்கர் வர முடியாததைச் சொன்னேன்.

"அப்ப நீ எதுக்கு வந்தே?"

"உங்க காலைப் பாக்க."

புடவைக் கரையை இழுத்துக் காலை மறைத்துக்கொண்டார். பிறகு என்ன நினைத்தாரோ, பூட்டைத் திறந்துவிட்டு, ஒரு காலை இழுத்தபடி திரும்பி உள்ளே போனார். வா என்று சொல்லவில்லை. மறுபடி பூட்டவும் இல்லை. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

அரை மணி நேரம் மன்றாடிய பிறகு துணியை அவிழ்த்தார். இடது பாதத்தின் அடியில், விரல்களுக்குக் கீழே ஒரு குழி. அதன் மேல் காபித்தூளும் மஞ்சளும் அப்பி, அடை மாதிரி காய்ந்திருந்தது. "காபித்தூள் வெச்சா ரத்தம் நிக்கும்னு வெச்சேன்" என்றார். ஃபில்டருக்குப் போடுகிற நல்ல தூளையே வைத்திருந்தார். என் அம்மாவும் மீன் வெட்டும்போது கையில் பட்டால் அதைத்தான் அப்புவார், அதனால் நான் சிரிக்கவில்லை.

விஷயம் மெல்ல மெல்ல வந்தது. தை மாதத்திலிருந்து வேண்டுதல். வெள்ளிக்கிழமைதோறும் ராகு காலத்தில், கோயிலையும் குளத்தையும் சேர்த்து நாலு மாட வீதியையும் வெறுங்காலோடு வலம் வர வேண்டும். வைகாசி கடைசி வெள்ளி வரை. வெள்ளிக்கிழமை ராகு காலம் பத்தரைக்கு ஆரம்பித்து உச்சி வெயிலில் முடியும். அவருக்கு நெடுநாளாகச் சர்க்கரை; பாதத்தில் சூடு தெரியாது. பங்குனித் தாரில் கொப்புளம் வந்ததே தெரியாமல் நடந்திருக்கிறார். தெரிந்த பிறகும் நடந்திருக்கிறார்.

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். டாக்டர் இளைஞர், ஒளிவு மறைவு இல்லாமல் பேசினார். "இன்னும் எலும்புக்குப் போகலை. போச்சுன்னா பாதத்தையே எடுக்கிற மாதிரி ஆகும். தினம் கழுவிக் கட்டு மாத்தணும். முக்கியமா இந்தக் கால் தரையில படவே கூடாது. ஒரு நாள் நடந்தாலும் எல்லாம் போச்சு."

ஆட்டோவில் திரும்பினோம். வீட்டில் நான் ஒரு பேஸினை வைத்து, உப்புக் கரைசல் பாட்டிலைத் திறந்து, எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

"ஆஸ்பத்திரிலேர்ந்து யாரையாவது வரச் சொல்லு" என்றார்.

"திங்கக்கிழமைதான் வருவாங்களாம்."

"என் காலைத் தொட்டு நமஸ்காரம் பண்ணவே உன்னை நான் விட்டதில்ல. புண்ணைத் தொட விடுவேன்னு நினைச்சியா?"

"நமஸ்காரமெல்லாம் வேணாம்மா. காலை மட்டும் நீட்டுங்க."

வெகுநேரம் கழித்து நீட்டினார். முகத்தை டிவி பக்கம் திருப்பிக்கொண்டார். டிவி ஓடவில்லை.

அப்போது எனக்குள் அன்பு பொங்கியது என்று எழுதினால் அது பச்சைப் பொய். கோபம்தான் பொங்கியது. தெருமுனையில் நின்ற நாளெல்லாம் ஞாபகம் வந்தது. கை மட்டும் பழகிய வேலையைச் செய்தது: கரைசலை மெல்ல ஊற்றியது, துணியால் ஒற்றியது, மருந்து வைத்துக் கட்டியது. கோபம் தீரட்டும், பிறகு கழுவலாம் என்று காத்திருந்தால் அதற்குள் பாதம் போயிருக்கும். அதனால் கோபத்தோடேயே தினமும் கழுவினேன்.

5

முதல் வெள்ளிக்கிழமை பத்து மணி சுமாருக்கு, நான் துணி காயப் போட்டுவிட்டு வந்தால், அம்மா நல்ல புடவை கட்டி, கட்டுப் போட்ட காலில் பிளாஸ்டிக் பையை மாட்டி ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டு, கைத்தடியோடு கதவருகே நிற்கிறார்.

நான் குறுக்கே போய் நின்றேன். "எங்கம்மா?"

"உனக்கே தெரியும்."

"டாக்டர் சொன்னது காதுல விழலையா? பாதமே போயிடும்."

"போனா போகட்டும். சாமிகிட்ட சொன்ன சொல் நிக்கணும். நகரு."

கத்திப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். சங்கருக்கு ஃபோன் போட்டுக் கொடுத்தேன். அவரும் அழாத குறையாகச் சொன்னார். அம்மா ஃபோனை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுப் பூட்டில் கை வைத்தார். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

"உங்களுக்குப் பதிலா வேற யாராவது நடக்கலாமா?"

"ஆத்து மனுஷா நடக்கலாம். சங்கர் நடக்கலாம். அவன்தான் இல்லியே."

"நான்?"

அவர் கை பூட்டிலேயே நின்றது. என்னை மேலும் கீழுமாகப் பார்த்தார். கழுத்தில் கிடந்த சிலுவையைப் பார்த்தார்.

"நீ சர்ச்சுக்குப் போறவ."

"ஆமா. கோயிலுக்குள்ள நான் போகல. மாட வீதி நாலும் கார்ப்பரேஷன் ரோடுதானே? அதுல யார் வேணா நடக்கலாம்."

"உங்க சாமி ஒத்துப்பாரா?"

"அவர்கிட்ட நான் பேசிக்கறேன். நீங்க உக்காருங்க."

கணக்கு டீச்சர் விடையைச் சரிபார்ப்பதுபோல் கொஞ்ச நேரம் யோசித்தார். நாற்காலிக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்தார். நான் செருப்பைக் கழற்றிவிட்டுப் படி இறங்கும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"வலமா போகணும்டி. எடமா சுத்திடாதே!"

தார் ரோடு தோசைக்கல்லாகக் காய்ந்திருந்தது. டென்மார்க் வாழ்க்கையில் என் பாதம் பஞ்சாகிவிட்டிருந்தது. நிழல் கிடைத்த இடமெல்லாம் தாவித் தாவி நடந்தேன். கையில் ஜெபமாலை. நான் வேறு எதையும் வேண்டவில்லை, வேறு எந்தப் பெயரையும் சொல்லவில்லை. தெரிந்த ஜெபத்தைச் சொல்லிக்கொண்டு, மாதாவே இந்தக் கிழவி காலைக் காப்பாத்து என்று நடந்தேன்.

தெற்கு மாட வீதியில் காய்கறிக் கடைகள் பக்கம் ஒரு ஸ்கூட்டர் வந்து உரசுவதுபோல் நின்றது. சேவியர் அண்ணன். காய் வாங்க வந்திருக்கிறான்.

"இன்னா பிலோ, செருப்பு அறுந்துடுச்சா?"

"இல்லண்ணா. வேண்டுதல்."

"கோயில சுத்திக்கினு உனக்கு இன்னா வேண்டுதல்? நம்ம மாதா கோயில் கீது, அங்க நடக்க வேண்டிதானே?"

"என்னுது இல்ல. அந்தம்மாவுது."

அவனுக்கு விளங்கச் சற்று நேரம் ஆனது. விளங்கியதும் முகம் மாறிவிட்டது. "உன்னை தெருமுனையில நிக்க வெச்ச பொம்பளைக்கா காலை சுட்டுக்கினு நடக்கற? அம்மா உயிரோட இருந்திருந்தா இன்னா சொல்லியிருக்கும் தெரியுமா?"

"அவங்க நடந்தா பாதம் போயிடும்ணா."

"போவட்டுமே!"

சொல்லிவிட்டு அவனே திடுக்கிட்டதுபோல் கடைப் பக்கம் பார்த்துக்கொண்டான். "ஃபாதர் கேட்டா இன்னா சொல்லுவ?" என்றான், குரல் இறங்கி.

"அந்தக் காலை வந்து பாருங்க ஃபாதர்னு சொல்லுவேன்."

ஸ்கூட்டரை அணைத்துத் தள்ளிக்கொண்டே கூட வந்தான். மேற்குப் பக்கம் மெட்ரோ வேலைத் தகரத் தடுப்பு ஓரமாகவும் வடக்கு மாட வீதி நெடுகவும் என்னைத் திட்டிக்கொண்டே வந்தான். என் கல்யாணத்தன்று திட்டாமல் வைத்திருந்ததையும் சேர்த்துத் திட்டினான் என்று நினைக்கிறேன். சந்து முனையில் நின்று, "அடுத்த வெள்ளியும் நடப்பியா?" என்று கேட்டான்.

"நடப்பேன்."

"தலையில துணியாவது போட்டுக்கினு வா. தண்ணி நான் எடுத்துனு வரேன்."

6

சமையலறைக்குள் நான் போவதில்லை என்பது எங்கள் இருவருக்கும் பேசாமலே புரிந்திருந்த ஏற்பாடு. அவருக்கு மெஸ்ஸிலிருந்து சாப்பாடு வந்தது. நான் குப்பத்துக்குப் போய்ச் சாப்பிட்டு வந்தேன். காலைக் காபி மட்டும் அவர் கையால்தான். அடுப்பருகே ஸ்டூலில் உட்கார்ந்து, காலை இன்னொரு ஸ்டூலில் நீட்டிக்கொண்டு போடுவார்.

ஒரு நாள் பாலை வைத்துவிட்டு, கைத்தடி ஊன்றி ஒற்றைக் காலால் தத்திக் கூடத்துக்கு வந்து, கட்டு மாற்ற உட்கார்ந்தவர் அதை மறந்துவிட்டார். கட்டு பாதி அவிழ்ந்திருந்தது. உள்ளே சளசளவென்று சத்தம்.

"பால்! பால் பொங்கறது! ஓடு, ஓடுடி!"

ஓடினேன். அடுப்பை அணைத்தேன். பொங்கி வழிந்ததைத் துடைத்தேன். ஃபில்டரில் டிகாக்‌ஷன் இறங்கியிருந்தது, இரண்டு டம்ளரில் காபி கலந்தேன். கையில் டம்ளரோடு வெளியே வந்தபோதுதான் எங்கே போய்விட்டு வருகிறேன் என்பது உறைத்தது. அவருக்கும் உறைத்திருக்க வேண்டும். ஒரு வாய் குடித்தார்.

"சர்க்கரை போட்டுட்டியா?"

"இல்லம்மா. உங்களுக்குத்தான் ஆகாதே."

"ம்" என்றார். அன்றிலிருந்து காபி நான் போட்டேன்.

அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை, நான் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு கிளம்பும்போது, "உக்காரு. ஒண்ணு சொல்லணும்" என்றார்.

உட்கார்ந்தேன்.

"நான் எதுக்காக வேண்டிண்டேன்னு நீ கேக்கவே இல்ல."

"அது உங்களுக்கும் உங்க சாமிக்கும் உள்ளதும்மா."

"அது சரியில்ல. தெரியாம உன்னை நடக்க வெச்சா அது ஏமாத்து வேலை. நான் அப்படிப் பண்ண மாட்டேன்." டம்ளரைக் கீழே வைத்தார். "சங்கர் அந்த ஊரை விட்டுட்டு வந்துடணும்னு வேண்டிண்டேன். இந்த ஆத்துல என்னோட இருக்கணும்னு. உன்னைப் பத்தியோ குழந்தையைப் பத்தியோ நான் நினைக்கவே இல்ல. உங்க பேர் அதுல கிடையாது. அவன் மட்டும். இப்ப சொல்லிட்டேன். நீ நடக்கலேன்னா எனக்குக் கோவமில்ல. நான் போறேன்."

கைத்தடி நாற்காலிக்குப் பக்கத்திலேயே சாய்ந்திருந்தது.

நான் எழுந்து பால்கனிக்குப் போனேன். இரண்டு வாரமாகக் கால் கொப்புளிக்க நடந்தது எதற்கு? என் வீடு உடைய வேண்டும் என்பதற்கு. என் கணவர் இங்கே, நானும் நிலாவும் அங்கே. பெட்டியை எடுத்துக்கொண்டு குப்பத்துக்குப் போய்விடலாம் என்று நிஜமாகவே நினைத்தேன். யாரும் என்னைக் குறை சொல்ல மாட்டார்கள். அண்ணன் பிரியாணி வாங்கிக் கொடுப்பான்.

ஆனால் நான் போனால் அவர் நடப்பார். அதில் சந்தேகமே இல்லை. டாக்டர் சொன்ன ஒரு நாள் அன்றைக்கே வந்துவிடும். என்னை விலக்கி வைத்த மனசு அவருடையதுதான்; அழுகப் போகிற பாதமும் அவருடையதுதான். ஒன்றுக்குத் தண்டனையாக மற்றதை விட்டுக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. பகைவருக்கும் நன்மை செய் என்று ஞாயிறுதோறும் கேட்கிறோம். கேட்கும்போது தலையை ஆட்டுவது சுலபமாகத்தான் இருக்கிறது.

திரும்பி வந்து ஜெபமாலையை எடுத்தேன்.

"எங்கே?" என்றார்.

"நடக்கத்தான். சாமி எதைக் கொடுக்கணும், எதைக் கொடுக்கக் கூடாதுன்னு சாமி பாத்துப்பாரு. எனக்கு இந்தக் கால் வேணும். நான் வர்றதுக்குள்ள அது தரையில பட்டுச்சுன்னா, உங்களைக் கட்டிலோட சேத்துக் கட்டிப் போட்டுடுவேன்."

நான் படியிறங்கும்வரை அவர் நாற்காலி கிரீச்சிடவில்லை.

அன்றைக்கு ஜெபம் வரவில்லை. நாலு வீதியும் மாதாவோடு சண்டை போட்டுக்கொண்டே நடந்தேன். அண்ணன் தண்ணீர் பாட்டிலோடு நின்றிருந்தான். என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் கூட வந்தான். மாலையில் நிலாவிடம் ஃபோனில் சொன்னேன். "இதுல லாஜிக்கே இல்ல மோர்" என்றாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அடுத்த வெள்ளியும் நடந்தேன். வைகாசி கடைசி வெள்ளிவரை ஒன்றும் விடாமல் நடந்தேன்.

7

விடுப்பு முடிகிற வாரம் டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்து, "சதை நல்லா செவப்பா வருது. தப்பிச்சீங்க பாட்டி" என்றார். கால் கீழே படாமல் எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்டார். அம்மா என்னைப் பார்க்காமல், "ஆள் இருந்தது" என்றார்.

ஊர் திரும்பும் நாளில் கண்ணீர் இல்லை, கட்டிப்பிடித்தல் இல்லை. "சங்கரை ஸ்வெட்டர் போட்டுக்கச் சொல்லு" என்றார். எனக்கென்று ஒரு வார்த்தை சொல்வார் என்று வாசலில் செருப்பு மாட்டும் சாக்கில் கொஞ்சம் நின்றேன். சொல்லவில்லை. அது வலிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன்.

பக்கத்து ஃப்ளாட் பெண் கட்டு மாற்றக் கற்றுக்கொண்டாள். புண் மூட வெகுநாள் ஆனது. சங்கரின் அட்டை ஒரு வழியாக இலையுதிர் காலத்தில் வந்தது. அவர் போய் ஒரு மாதம் இருந்துவிட்டு, திரும்பி எங்களிடம் வந்தார். வேண்டுதல் எதற்காக என்பதைப் பற்றி அம்மா அவரிடம் மூச்சு விடவில்லை. நானும் சொல்லவில்லை. இங்கே பழையபடி வேலை, பஸ், மழை, கிழவிகளின் கால்கள்.

8

நேற்று, ஈஸ்டர் கழிந்த முதல் வெள்ளி. விடிகிற நேரத்தில் நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். ஃபோன் அடித்தது. சங்கருடையது இல்லை, என்னுடையது. அம்மா என் எண்ணுக்குக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. என்னவோ ஏதோ என்று பதறிப்போய் எடுத்தேன்.

"கோயில் வாசல்ல நிக்கறேன். டாக்டர் கொடுத்த செருப்புப் போட்டுண்டுதான் வந்தேன், கத்தாதே. இப்பதான் கழட்டிட்டு சாக்ஸ் மாட்டிண்டேன். கால் இப்பதான் முழுசா ஆறித்து, உள்ள போய் அர்ச்சனை பண்ணி வேண்டுதலை முடிக்கணும்."

"அவர் இன்னும் இங்கதானேம்மா இருக்கார்?"

"அதை மாத்திண்டாச்சு. எல்லாருக்குமா சேத்துப் பண்றேன். சங்கர் ரோகிணி. குழந்தைக்கு ஸ்வாதி, அது அவ பொறந்த அன்னிக்கே பஞ்சாங்கத்துல பாத்து வெச்சுட்டேன். உன்னோடதுதான் தெரியல. நீ என்ன நட்சத்திரம்?"

"எங்க வீட்டுல அதெல்லாம் பாக்க மாட்டாங்கம்மா."

"அப்ப பொறந்த தேதியும் நேரமும் சொல்லு, நான் கணக்குப் போட்டுக்கறேன். சீக்கிரம், குருக்கள் நிக்கறார்."

தேதி தெரியும். நேரம் தெரியாது. எனக்கு நட்சத்திரத்தில் நம்பிக்கை கிடையாது, இதைப் படிக்கிற ஃபாதர் யாராவது இருந்தால் கவலைப்பட வேண்டாம். ஆனால் அந்த வீட்டில் யார் யார் பெயரைச் சொல்லி அர்ச்சனை செய்வார்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அஞ்சு நிமிடம் என்று சொல்லி வைத்துவிட்டு அண்ணனுக்குப் போட்டேன். கடையில் இருந்தான். பின்னால் மீன் பேரம், கத்தி பலகையில் விழும் சத்தம்.

"அண்ணா, அம்மா என்னைப் பெத்தது எத்தினி மணிக்கு?"

"யாவார நேரத்துல இன்னா கேள்வி இது? விடிகாலம், போட்டெல்லாம் கரை ஏறச்சொல்ல. நான்தான் ஓடிப்போய் நைனாவ இட்டுனு வந்தேன். இன்னாத்துக்கு?"

"மயிலாப்பூர்ல கேக்கறாங்கண்ணா. அர்ச்சனையில என் பேரையும் சேக்கணுமாம்."

கத்திச் சத்தம் நின்றது. நான் ஹலோ என்று கூப்பிட்டேன்.

"நாலரை" என்றான். "நாலரைன்னு சொல்லு. கரெக்டா சொல்லு பிலோ, தப்பா போட்டுடப் போறாங்க."